டீச்சர் தோற்ற தேர்தல்

சட்டமன்ற உறுப்பினர்களின் அலுவலகங்களில் உதவியாளர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். மனுவை எப்படிப் பதிவது, சிபாரிசுக் கடிதத்தை எப்படி எழுதுவது என்றெல்லாம் நான் சொல்லித்தரப் போவதில்லை. ஒரு வாரத்தில் அதெல்லாம் தானாக வந்துவிடும். நான் சொல்ல வந்தது, எங்கள் உறுப்பினர் ஒரு சட்டத்துக்கு ஆதரவாகக் கை தூக்கி, அதனால் தேர்தலில் தோற்ற கதை. அதில் நான் செய்த ஒரு பிழையும் இருக்கிறது. வெகுநாள் அதை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்லலாம் என்று தோன்றுகிறது.

எங்கள் உறுப்பினர் கோவில்பட்டிப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருந்தவர். எம்.எல்.ஏ. ஆன பிறகும் தொகுதி முழுக்க அவருக்குப் பெயர் 'டீச்சர்' தான். நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். என்னைவிட மூன்று வயது இளையவர், ஆகவே என்னை அண்ணாச்சி என்பார்.

அந்தச் சட்டத்தை ஜனங்கள் 'ஊசிச் சட்டம்' என்றார்கள். படிப்பும் பதிவும் இல்லாமல் ஊசி போடுகிறவர்கள் வைத்தியம் பார்க்கக் கூடாது, வசதியில்லாத சிறிய மருத்துவமனைகள் பிரசவம் பார்க்கக் கூடாது, அதற்குப் பதிலாக அரசாங்கம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் முழுநேர டாக்டரும் ஆம்புலன்சும் தரும். சுருக்கமாக இவ்வளவுதான். சென்னையில் பெரிய சண்டை. டீச்சரின் கட்சிக்குள்ளேயே பாதிப்பேருக்கு இஷ்டமில்லை. தேர்தலுக்கு ஒரு வருஷம்கூட இல்லாத நேரத்தில் இது எதற்கு என்றார்கள்.

டீச்சர் ஏன் உறுதியாக நின்றார் என்பது எனக்குத் தெரியும். மாரியம்மாள் என்று அவரிடம் படித்த பெண். பத்தாவதோடு நின்று தீப்பெட்டி ஆபீசில் வேலைக்குப் போனவள். வயிற்று வலி என்று நாலு நாள் ஓர் ஆளிடம் ஊசி போட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். குடல்வால் வெடித்திருக்கிறது என்று திருநெல்வேலியில் கண்டுபிடித்தபோது காலம் கடந்துவிட்டது. நானும் டீச்சரும் அந்த வீட்டுக்குப் போயிருந்தோம். மாரியம்மாளின் தாயார் அழவில்லை. "சொகமாயிரும் சொகமாயிரும்னே சொன்னான் டீச்சர். நாங்க என்னத்தைக் கண்டோம்?" என்று மட்டும் கேட்டாள்.

ஆனால் ஊசி போடுகிறவர்கள் எல்லோரும் அந்த ஆளைப்போல இல்லை. விளாத்திகுளம் போகும் சாலையில், கிழக்கே மிளகாய்க் காடுகளுக்கு நடுவில் ஓர் ஊர். அங்கே ஞானதுரை என்று ஒருவர். கோவில்பட்டியில் ஒரு டாக்டரிடம் வெகுகாலம் கம்பவுண்டராக இருந்துவிட்டு, டாக்டர் காலமானதும் சொந்த ஊரில் ஒற்றை அறையில் வைத்தியம் பார்த்துவந்தார். காய்ச்சலுக்கு மாத்திரை, காயத்துக்குக் கட்டு. அதற்கு மேல் போனால், "இது என் கையில இல்ல, வண்டியேறு" என்று கோவில்பட்டிப் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதி அனுப்பிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயில் ஆராதனை முடிந்து நேராக நோயாளிகளைப் பார்க்க வந்துவிடுவார். மனசாட்சி உள்ள மனிதர். அந்த மனிதரையும் மாரியம்மாளைக் கொன்றவனையும் ஒரே தட்டில்தான் சட்டம் வைத்தது.

சட்டம் வருவதற்கு முந்தின வாரம் டீச்சர் சென்னையில் இருந்தார். அலுவலகத்துக்கு எதிர்ப்பு மனுக்கள் மூட்டை மூட்டையாக வந்தன. பெரும்பாலும் அச்சடித்தவை. நகரத்தில் சின்ன மருத்துவமனை வைத்திருந்தவர்கள் அடித்துக் கொடுத்து, கையெழுத்து மட்டும் வாங்கியவை. பத்து மனுவைப் படித்தேன். எல்லாம் ஒரே வாசகம். பதினோராவதிலிருந்து தலைப்பை மட்டும் பார்த்து ஒரு கட்டாகக் கட்டினேன். ராத்திரி போனில் டீச்சர் கேட்டார்: "என்ன சொல்லுதாவ அண்ணாச்சி, நம்ம ஜனங்க?"

"எதிர்ப்பு மனுதான் டீச்சர். எல்லாம் ஒரே மாதிரி. தூண்டிவிட்டு எழுதினது."

"எல்லாமேவா?"

"எல்லாமே."

அதுதான் நான் செய்த பிழை. அவர் இரண்டு முறை கேட்டார், நான் இரண்டு முறையும் யோசிக்காமல் சொன்னேன்.

சட்டம் நிறைவேறியது. டீச்சர் அதை ஆதரித்து ஐந்து நிமிஷம் பேசினார். மாரியம்மாளின் பெயரைச் சொல்லாமல் அவளைப் பற்றிப் பேசினார். கேட்டவர்கள் கலங்கியதாகப் பத்திரிகையில் வந்தது.

அடுத்த மாதமே அதிகாரிகள் வந்து ஞானதுரையின் அறைக்குச் சீல் வைத்தார்கள். அந்த ஊர்ச் சுகாதார நிலையத்துக்கு வருவதாக இருந்த டாக்டர் வரவில்லை. கட்டடம் தயாராகவில்லை, ஆள் நியமனம் ஆகவில்லை என்று ஏதேதோ காரணம். பூட்டுவதற்கு ஒரு நாள் போதும், திறப்பதற்கு ஒரு வருஷம் ஆகும் என்பதை அந்தச் சட்டத்தை எழுதிய யாரும் நினைக்கவில்லை. நாங்களும் நினைக்கவில்லை.

இன்னொன்றையும் யாரும் நினைக்கவில்லை. ஞானதுரையின் வாசலில் எப்போதும் ஓர் ஆட்டோ நிற்கும். நோயாளிகள் வந்து போகிற இடம், சவாரி கிடைக்கும். அறையைப் பூட்டியதும் ஆட்டோக்காரருக்கு அங்கே என்ன வேலை? அவர் விளாத்திகுளம் பஸ் நிலையத்துக்குப் போய்விட்டார். அப்படித்தான் அந்த ஊரில் அவசரத்துக்கு வண்டியே இல்லாமல் போயிற்று.

அந்த ஊரில் ஆடு மேய்க்கும் குடும்பம் ஒன்று. சீனியம்மாளும் அவள் புருஷன் பெருமாளும். ஒருநாள் காலையில் ஓடைக்கரையில் பெருமாளை விரியன் கடித்துவிட்டது. தூக்கிக்கொண்டு ஞானதுரையிடம்தான் ஓடியிருக்கிறார்கள். அவர் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று, வண்டி, வண்டி என்று ஊரெல்லாம் ஆள் விட்டிருக்கிறார். விளாத்திகுளத்தில் இருந்த ஒரே ஆம்புலன்ஸ் வேறு ஊருக்குப் போயிருந்தது. கடைசியில் யாரோ ஒருவருடைய மோட்டார் சைக்கிளில் பெருமாளை நடுவில் உட்காரவைத்து, ஞானதுரையே பின்னால் தாங்கிக்கொண்டு கோவில்பட்டிக்குக் கொண்டுபோனார். உயிர் பிழைத்தது. தாமதமானதால் கால் புண்ணாகி இரண்டு விரல்களை எடுக்கவேண்டியதாயிற்று. ஆட்டுக்குப் பின்னால் நடந்தே பிழைக்கிற மனுஷனுக்குக் கால் விரல் போவது சாதாரணமா?

ஒரு வாரம் கழித்து அந்த ஊர்ப் பெண்கள் எட்டுப் பேர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார்கள். டீச்சர் அன்றைக்குக் கழுகுமலையில் ஒரு கூட்டத்தில் இருந்தார். சீனியம்மாள் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, நாங்க குடுத்த மனு என்னாச்சு?"

"எந்த மனு?"

"சட்டம் வாரதுக்கு முந்தி தபால்ல போட்டோம்லா. எங்க கைப்பட எழுதினது. எம் மவதான் எழுதுனா. நாங்க எல்லாரும் ரேகை வச்சோம்."

பார்த்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டு, அந்தக் கட்டை அவிழ்த்தேன். அச்சடித்த தாள்களுக்கு நடுவில் இருந்தது. கோடு போட்ட நோட்டுத்தாள். தலைப்பில் 'மருத்துவச் சட்டம் பற்றி' என்று இருந்தது. நான் அந்தத் தலைப்போடு நிறுத்தியிருந்தேன். கீழே இப்படி எழுதியிருந்தது: 'எங்களுக்குச் சட்டம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. படித்த டாக்டர் வருவது நல்லதுதான். டாக்டர் வந்து உட்கார்ந்த பிறகு ஞானதுரை ஐயா கடையைப் பூட்டுங்கள். அதுவரைக்கும் பூட்டவேண்டாம்.'

டீச்சர் சட்டமன்றத்தில் பேசிய ஐந்து நிமிஷத்தில் இந்த ஒரு கோரிக்கையையும் வைத்திருக்கலாம். வைத்திருந்தால் சட்டத்தில் அது ஏறியிருக்குமா என்று எனக்குத் தெரியாது. ஏறாமலும் போயிருக்கலாம். ஆனால் கேட்டிருப்பார். நான்தான் கேட்கவிடாமல் செய்தேன்.

அதை அன்றைக்கே அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மனுவை மடித்து என் பைக்குள் வைத்துக்கொண்டேன். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று மாதங்கள் போயின. பிழை செய்தது ஒரு நிமிஷம், மறைத்தது ஆறு மாதம். இரண்டில் எது பெரிது என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

தேர்தல் வந்தது. எதிர்த்து நின்றவர் ஒரே ஒரு வாக்குறுதிதான் கொடுத்தார்: "நாங்க வந்தா பூட்டைத் திறப்போம்." மைக் வைத்த ஆட்டோக்கள் ஊர் ஊராக அதையே சொல்லிக்கொண்டு போயின. எங்கள் கட்சிக்காரர்கள் டீச்சரைச் சுற்றி உட்கார்ந்து யோசனை சொன்னார்கள். மேலிடம் சொன்னதால் கை தூக்கினேன் என்று சொல்லிவிடுங்கள் என்றார் ஒருவர். அதிகாரிகள் மேல் போட்டுவிடுங்கள் என்றார் இன்னொருவர். இந்தத் தொகுதிக்குச் சட்டம் பொருந்தாது என்று ஒரு நோட்டீஸ் அடித்துவிடலாம், தேர்தல் முடிந்த பிறகு யார் கேட்கப்போகிறார்கள் என்றார் மூன்றாமவர். நோட்டீசுக்கான வாசகத்தை எழுதித் தந்தவன் நான்தான். அதையும் ஒப்புக்கொள்கிறேன். டீச்சர் ஜெயிக்கவேண்டும் என்ற வெறி எனக்கு. என் பிழையை அந்த வெற்றி மூடிவிடும் என்ற ஆசையும் உள்ளே இருந்திருக்கும்.

டீச்சர் வாசகத்தைப் படித்தார். பரீட்சைத் தாளில் தப்பைக் கண்டவர் மாதிரி முகம் சுருங்கியது. "இது நெசமா அண்ணாச்சி?" என்று கேட்டார்.

"இல்ல டீச்சர்."

"பெறகு எதுக்கு எழுதுனீங்க?" அவ்வளவுதான். தாளை என்னிடமே திருப்பித் தந்துவிட்டார்.

ஞானதுரையின் ஊருக்குப் பிரச்சாரத்துக்குப் போகவேண்டிய நாள் வந்தது. அங்கே போகவேண்டாம், கல் விழும் என்று எல்லோரும் தடுத்தார்கள். டீச்சர் கேட்கவில்லை. நண்பகல் வெயில். அறுவடை முடிந்த கரிசல் காடு இரண்டு பக்கமும் வெடித்துக் கிடந்தது. வண்டியில் டிரைவரும் டீச்சரும் நானும் மட்டும். ஊருக்கு இரண்டு மைல் இருக்கும்போது எனக்குத் தாங்கவில்லை. பையிலிருந்து மனுவை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். எப்போது வந்தது, நான் என்ன செய்தேன், போனில் என்ன சொன்னேன், எத்தனை மாதமாக வைத்திருக்கிறேன், எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் இரண்டு முறை படித்தார். விரல் ரேகைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"நல்லா எழுதியிருக்கா அந்தப் பிள்ளை. ஒரு பிழை இல்ல" என்றார்.

"என்னைத் திட்டுங்க டீச்சர்."

"திட்டுறதுக்கு நேரமில்ல அண்ணாச்சி. ஊரு வந்துருச்சு."

கல் எதுவும் விழவில்லை. ஆரத்தி எடுக்கவும் யாரும் வரவில்லை. வேப்பமரத்தடியில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஆண்கள் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். பெருமாள் கம்பை ஊன்றிக்கொண்டு நின்றான். ஞானதுரை தன் வீட்டு வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், பக்கத்தில் வரவில்லை. டீச்சர் மைக்கை வாங்கவில்லை. நேராகப் பெண்களிடம் போய்க் கும்பிட்டார்.

சீனியம்மாள்தான் எழுந்தாள். "டீச்சர், மெட்ராஸ்ல நீங்க கையைத் தூக்குனப்போ எங்க ஊரு நெனப்பு ஒங்களுக்கு வந்துச்சா?"

"செத்துப்போன ஒரு பிள்ளை நெனப்பு வந்துச்சும்மா. எங்கிட்டப் படிச்ச பிள்ளை. ஒங்க ஊரு நெனப்பு வரல. வந்திருக்கணும்."

"நாங்க எழுதித் தந்தோம்லா? வேண்டாம்னா சொன்னோம்? டாக்டர் வந்த பெறகு பூட்டுங்கன்னுதான கேட்டோம்?"

அந்த மனு தன் கைக்கே வரவில்லை என்று டீச்சர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது உண்மையும்கூட. ஊரின் கோபம் முழுக்க என் பக்கம் திரும்பியிருக்கும், அவர் தப்பித்திருப்பார். நானே சொல்லிவிடலாம் என்று ஓரடி முன்னால் வைத்தேன். டீச்சர் என்னைத் திரும்பிப் பார்க்காமலே என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"மனு என் ஆபீசுக்கு வந்துச்சு. என் ஆபீசுக்கு வந்தா என் கைக்கு வந்த மாதிரிதான். அதை நான் சட்டசபையில சொல்லியிருக்கணும், சொல்லல. பெருமாள் அண்ணனுக்கு இப்படி ஆனதுல எனக்கும் பங்கு இருக்கு. மன்னிச்சிருங்க."

ஆண்கள் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது: "அப்போ சட்டத்தை எடுத்திருவியளா?"

"எடுக்க மாட்டேன். எடுத்திருவேன்னு சொன்னா ஓட்டுப் போடுவீங்கன்னு தெரியுது. ஆனா அது பொய். டாக்டரைக் கொண்டாரதுக்கு அலைவேன். ஜெயிச்சாலும் அலைவேன், தோத்தாலும் அலைவேன்."

சீனியம்மாள் வீட்டுக்குள் போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். "குடிங்க டீச்சர். ஒங்களுக்கு ஓட்டுப் போடமாட்டேன், அதை மொகத்துக்கு நேரா சொல்லிருதேன். ஆனா இந்த வெயில்ல வந்திருக்கிய."

டீச்சர் முழுச் செம்பையும் குடித்தார்.

வாக்கு எண்ணும் அன்று நான் சுற்றுச் சுற்றாக எழுதிக்கொண்டிருந்தேன். நகரத்தில் தீப்பெட்டி ஆபீஸ் தெருப் பூத்துகளில் டீச்சர் முந்தினார். மாரியம்மாளோடு வேலை பார்த்தவர்கள் வாக்களித்த பூத்துகள் அவை. அதற்குப் பிறகு கிழக்குக் கரிசல் ஊர்கள் வந்தன. ஒவ்வொரு பெட்டியும் எங்களை இறக்கியது. கடைசிச் சுற்றுக்கு முன்பே டீச்சர் எழுந்துபோய் ஜெயித்தவருக்குக் கைகொடுத்துவிட்டு வந்தார்.

வண்டியில் ஏறியதும் நான் அழுதுவிட்டேன். என்னால்தான் தோற்றீர்கள் என்றேன்.

"அப்படி நெனைக்காதீங்க" என்றார். "ஒரு காயிதத்துல தோக்கிற தேர்தல் இல்ல இது. நாம ஜனங்ககிட்ட இருந்து ஒண்ணை எடுத்தோம், அது மறுநாளே தெரிஞ்சிருச்சு. நாம குடுக்குறது இன்னும் வந்து சேரல. அதுக்குள்ள அவங்க தீர்ப்புச் சொல்லவேண்டிய நாள் வந்துருச்சு. அவங்க மேலயும் தப்பில்ல, ஒங்க மேலயும் இல்ல. மத்தியானம் சாப்பிட்டீங்களா?"

சாப்பிடவில்லை என்றேன். கோவில்பட்டியில் ஒரு ஓட்டலில் வண்டியை நிறுத்தச் சொன்னார். தோற்ற வேட்பாளரும் அவருடைய உதவியாளரும் எதிரெதிரே உட்கார்ந்து தோசை சாப்பிட்டோம். சர்வர் அவரிடம் சட்னி வேண்டுமா என்று கேட்கும்போது குரலைத் தாழ்த்திக் கேட்டார். துக்க வீட்டில் பேசுகிறவர் மாதிரி. அதற்குத்தான் டீச்சர் அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தார்.

பதவி போன பிறகு நாங்கள் பஸ்ஸில்தான் அலைந்தோம். மாவட்ட அலுவலகம், கட்டடக் காண்டிராக்டர், மறுபடியும் மாவட்ட அலுவலகம். நேற்றுவரை எழுந்து நின்றவர்கள் இப்போது உட்காரச் சொல்ல மறந்தார்கள். டீச்சர் அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. தேர்தல் முடிந்து ஆறேழு மாதத்தில் டாக்டர் வந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்து இளம்பெண். ஆம்புலன்சும் வந்தது. புது உறுப்பினர் ரிப்பன் வெட்டினார். பூட்டைத் திறப்போம் என்று சொன்னவர் சட்டத்தைத் தொடக்கூட இல்லை. யாரும் அவரை அதுபற்றிக் கேட்கவும் இல்லை.

ஆனால் முதல் மாதம் அந்தச் சுகாதார நிலையத்துக்கு யாருமே வரவில்லை. முகம் தெரியாத பெண்ணிடம் எப்படிக் கைநீட்டுவது? டீச்சர் டாக்டரம்மாவைக் கூட்டிக்கொண்டு ஞானதுரை வீட்டுக்குப் போனார். நானும் போனேன். ஞானதுரை முதலில் உள்ளே கூப்பிடவில்லை.

"என்னைப் போலி டாக்டர்னு எழுதி ஒட்டிட்டுப் போனாவ டீச்சர். எம் பிள்ளைங்க அதைப் படிச்சாவ" என்றார்.

டீச்சர் என்ன சொல்லுவார் என்று பார்த்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த டாக்டரம்மாதான் பேசினார்: "ஐயா, எனக்கு வைத்தியம் தெரியும், ஜனங்களைத் தெரியாது. யாருக்கு என்ன மாத்திரை ஒத்துக்காது, யாரு வலியை மறைப்பாங்க, இதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். எனக்கு வந்து சொல்லித் தருவீங்களா?"

ஞானதுரை மறுநாள் சலவைச் சட்டையோடு வந்து சீட்டுப் பதியும் மேசையில் உட்கார்ந்தார். ஊசியைத் தொடவே மாட்டார். ஆனால் அவர் அங்கே இருக்கிறார் என்று தெரிந்ததும் ஜனம் வர ஆரம்பித்தது.

உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது கொஞ்சம்தான். எல்லாம் ஒரே மாதிரி என்று உங்கள் வாயில் வரும்போது நிறுத்திக்கொள்ளுங்கள், இன்னும் ஒரு தாளைப் படியுங்கள். உங்கள் உறுப்பினருக்கு வருத்தம் தருகிற செய்தியை நீங்கள் வடிகட்டாதீர்கள். வருத்தப்படுவதும் அவருடைய வேலைதான். ஒரு சட்டம் நல்லதாகவே இருந்தாலும், அது யார் வாசலில் நிற்கிற ஆட்டோவை ஓட்டிவிடப் போகிறது என்று அந்த ஊருக்குப் போய்ப் பாருங்கள்.

போன வருஷம் டீச்சர் ரத்த அழுத்த மாத்திரை வாங்க அந்தச் சுகாதார நிலையத்துக்கு வந்திருந்தார். கோவில்பட்டியிலேயே வாங்கலாம், ஆனாலும் இங்கேதான் வருவார். துணைக்கு நானும் போயிருந்தேன். தலை நரைத்து, கண்ணாடி போட்டு, ஆள் மெலிந்துவிட்டார். பெஞ்சில் பக்கத்தில் பக்கத்து ஊர் அம்மாள் ஒருத்தி, பிறந்து ஒரு மாதமான குழந்தையைத் துணியில் சுற்றி வைத்திருந்தாள். மருமகளுக்குச் சிக்கலான பிரசவம், ராத்திரியோடு ராத்திரியாக ஆம்புலன்சில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்த் தாயையும் பிள்ளையையும் காப்பாற்றிவிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் இப்ப உள்ள எம்.எல்.ஏ. புண்ணியம்" என்றாள். "முந்தி ஒரு பொம்பள இருந்தா. அவ இருந்தப்போ இருக்கதையும்லா பூட்டிட்டாவ."

உள்ளே சீட்டுக்கு ஆள் கூப்பிட்டார்கள். "கொஞ்சம் வச்சிக்கிடுங்கம்மா, மாத்திரை வாங்கிட்டு வந்திருதேன்" என்று குழந்தையை டீச்சர் மடியில் வைத்துவிட்டு அவள் எழுந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. இந்த அம்மாள் யார் என்று தெரியுமா என்று கேட்பதற்காக நானும் எழுந்தேன்.

டீச்சர் குழந்தையின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சத்தம் போடாதீங்க அண்ணாச்சி" என்றார். "பிள்ளை முழிச்சிரும்."